தங்கப் பூண்

அத்தியாயம் 11

மாத்தாவை ஏன் சாகடித்தாய் என்று கேட்டு ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் சாகடிக்கவில்லை. எங்கள் மேற்குக் கரையில் குளிர்காலத்தில் வரும் நெஞ்சுச் சளி யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் போய்விட்டாள்.

அவளுடைய கழுத்துத் தொங்கலை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான பச்சைக்கல். வசந்தத்தில் ஆற்றில் ஏறி வரும் மீன்குஞ்சின் வெளிறிய நிறம். தலையிலிருந்து நுனிவரை ஒரு வெள்ளைக் கீற்று. பெயர் ஹினேவாய். பேர் வைத்த கல்லை நாங்கள் ‘அது’ என்று சொல்வதில்லை, ‘அவள்’தான்.

ஐந்து தலைமுறைக் கயிறு உரசி, ஹினேவாயின் தலைத் துளை மேல்பக்கமாகப் பிய்ந்துபோயிருந்தது. உலக்கைக்குப் போடுவதுபோலத் தங்கத்தில் ஒரு பூண் போட்டால் இன்னும் ஐந்து தலைமுறை தொங்குவாள். அதற்காகத்தான் மாத்தா அவளைக் கழற்றித் தங்கை எரானாவிடம் கொடுத்தனுப்பினாள். எரானாவின் புருஷன் அலெக் கெடிஸ், பக்கத்து ஊர் ஹோகிடிகாவில் தன் அண்ணன் ராபர்ட்டின் நகைக்கடையில் வேலை செய்கிறவன். தங்கத்தில் அவனளவு கைநயம் இந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. அதை அவன் மேல் இருக்கும் கோபத்திலும் சொல்லத்தான் வேண்டும்.

சாவுச் சேதி வந்ததும் எரானா தொங்கலைக் கேட்டாள். பூண் இன்னும் முடியவில்லை, வெள்ளிக்கிழமை காலை தந்துவிடுகிறேன் என்றான் அலெக். அவளும் நம்பி எங்கள் ஊர் அரஹுராவுக்குப் போய் மூன்று ராத்திரி அக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று வெள்ளி. பிற்பகல் மூன்று மணிக்குச் சவப்பெட்டியை மூடுவார்கள். அதற்குள் ஹினேவாய் வந்து மாத்தாவின் மார்பில் கிடக்க வேண்டும். மூடுவதற்கு முன் மாத்தாவின் அண்ணன் தியோத்தி அவளை எடுத்து அடுத்தவளின் கழுத்தில் போடுவான். அடுத்தவள் எரானா. எங்களுக்கு உயில் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. இறந்தவள் மார்பிலிருந்து இருப்பவள் கழுத்துக்கு வருவதுதான் பத்திரம்.

காலையில் ரொட்டி வண்டியில் தொற்றிக்கொண்டு எரானா ஊருக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. கறுப்புப் பாவாடை, தலையில் துக்க இலைகளைக் கட்டிய வளையம், தோளில் கம்பளிச் சால்வை. சால்வையைக் கூட்டிக் குத்தியிருந்தது போன ஞாயிற்றுக்கிழமை அலெக் கொடுத்த ஊசி. கட்டைவிரல் நகமளவு கல்லும் அதைச் சுற்றித் தங்க விளிம்பும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் தானாகக் கொடுத்த முதல் பச்சைக்கல் அதுதான்.

எங்களவர்கள் பச்சைக்கல்லைத் தங்களுக்கென்று வாங்கிக்கொள்வதில்லை. ஒருவர் கொடுத்தால்தான் போட்டுக்கொள்ளலாம். ஒருவழியாக இந்த மனுஷனுக்கு அது புரிந்ததே என்று ஞாயிற்றுக்கிழமை அவள் மகிழ்ந்துபோயிருந்தாள்.

கடைக்கு முன்னால் கூட்டம். மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காரணம் ஊருக்கே தெரியும். கவர்னரின் மனைவி மாலையில் கடல்நீர் ஏறும் நேரத்தில் கப்பலில் வந்து இறங்குகிறாள். ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் வரவேற்பு. ஊர்க் கமிட்டி சார்பில் அவளுக்கு ஒரு ப்ரூச், மார்பில் குத்திக்கொள்கிற நகை. செய்கிற வேலை ராபர்ட் கெடிஸுக்கு, கமிட்டியில் இருக்கிறவரும் ராபர்ட் கெடிஸ்தான். அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

ப்ரூச் கண்ணாடிச் சன்னலுக்குள் கறுப்பு வெல்வெட்டில் இருந்தது. பெரணி இலை வடிவம். தண்டும் நரம்பும் தங்கம், இலைகள் ஏழும் கல். பக்கத்தில் ஒரு அட்டை: ‘இம்மண்ணின் கல், இம்மண்ணின் தங்கம், இவ்வூர்க் கைவேலை.’

ராபர்ட் வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். கல்லைச் சாணையில் வைத்து அறுத்தது தானேதானாம். தங்கம் கட்டியது தம்பியாம். இப்படி ஒரு கல்லை இந்த ஊரில் யாரும் பார்த்ததே இல்லையாம்.

யாரும் பார்த்ததில்லையாம். ஐந்து தலைமுறை பார்த்திருக்கிறது ஐயா. அந்தக் கல்லை வாயில் வைத்துக் கடித்துக் கடித்துத்தான் எங்கள் குழந்தைகளுக்குப் பல் முளைத்திருக்கிறது.

எரானா கூட்டத்தின் ஓரத்தில் நின்று சன்னலைப் பார்த்தாள். ஏழு இலை. ஏழிலும் வெளிறிய பச்சை. ஏழிலும் குறுக்கே ஒரு சிறு வெள்ளைக் கீற்று. ஏழாவது இலையின் நுனியில் மட்டும் மற்ற ஆறில் இல்லாத ஒரு தங்க மொட்டு.

அவள் கத்தவில்லை. கடையைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுப் பட்டறைக்குப் போனாள். அலெக் பலகைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே கிடையாது.

“ஹினேவாய் எங்க?”

அலெக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “எரானா, முதல்ல உக்காரு.”

“உக்கார வரல. சன்னல்ல துண்டு துண்டா கிடக்கறது யாரு?”

கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அந்தக் கண்ணாடி இன்னொருமுறை துடைக்கப்பட்டது. பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். ஹினேவாயை வாங்கி வேலைப் பெட்டியில் வைத்தபோது சீட்டு எழுதிக் கட்டவில்லை. மனைவி வீட்டு வேலைக்குச் சீட்டு என்ன, அது மரியாதையாக இருக்காது என்று நினைத்தான். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பெட்டியில் இருப்பதில் சீட்டுக் கட்டியது வாடிக்கைக்காரர் பொருள், சீட்டில்லாதது கடைப் பொருள். ராபர்ட் போன வாரம் நல்ல கல் தேடிப் பெட்டியைத் திறந்திருக்கிறார். சீட்டில்லை. அறுத்துவிட்டார்.

இந்த அளவில் ஒரு தவறு என்று நானே மன்னித்துவிடுவேன். எரானாவும் மன்னித்திருக்கக் கூடும். ஆனால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை. கட்டறதுக்குத் துண்டுங்களைக் குடுத்தாரு. ஏழாவதுல துளை பாதி இருந்துச்சு.”

“திங்கக்கிழமை.”

“ஆமா.”

“செவ்வாக்கிழமை எங்கக்கா செத்த சேதி வந்தப்போ, பூண் இன்னும் முடியலன்னு எங்கிட்ட சொன்ன.”

அலெக் பலகையில் கிடந்த தங்கத் தூளை விரலால் கூட்டிக் குவித்தான். கல்லுளிமங்கன் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

“அந்தத் துளைய என்ன பண்ணின?”

“தெரியக்கூடாதுன்னு… மேல ஒரு மொட்டு வச்சேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவன் பட்டாணியளவு தங்கத்தில் ஒரு வம்சத்தையே மறைக்கப் பார்த்தான். எரானா பலகைக்கு நேர் எதிரே வந்து நின்றாள். குரல் தெளிவாக வந்தது.

“தாங்கிப் பிடிக்கறதுக்குத் தங்கம் வைக்கச் சொல்லி அனுப்பினா. நீ மறைக்கறதுக்கு வச்சிருக்க.”

அப்போது ராபர்ட் உள்ளே வந்தார். அவருக்கு விஷயம் அப்போதுதான் தெரியும் என்று நினைக்காதீர்கள். புதன்கிழமை அலெக் சொல்லியிருக்கிறான். வேலை பாதியில் இருக்கிறது, கமிட்டிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, முதலில் முடி என்று வாயை அடைத்தவர் அவர். முடித்துக்கொடுத்தால் கடைப் பலகையில் ‘கெடிஸ் சகோதரர்கள்’ என்று எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகத் தம்பி அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான்.

ராபர்ட் கெட்டவர் இல்லை என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

“நடந்தது நடந்துபோச்சு, பொண்ணே. அதே ஆத்துல அதைவிடப் பெரிய கல்லா எடுத்து, பட்டை தீட்டி, பூண் போட்டுத் தரேன். உங்க ஆளுங்க யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

“செத்தவ எங்கக்கா. அதே தெருவுல வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்து படுக்க வைக்கலாமா?”

“நான் சொல்றதைக் கேளு. ஒரு குடிசையில கிடந்த கல்லு. இனிமே கவர்னர் பெண்சாதி மார்ல ஏறப்போவுது. நீங்க பெருமைப்படணும்.”

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவன்கூடப் புண்ணியம் தனக்கு என்று நினைப்பானே தவிர, கடைக்காரனைப் பார்த்துப் பெருமைப்படு என்று சொல்லமாட்டான். இவர் சொன்னார்.

எரானா இடைக்கதவு வழியாகக் கடைக்குள் போனாள். சன்னலின் உள்கதவைத் திறந்தாள். ப்ரூச்சை எடுத்தாள். வெளியே குடைகளுக்கடியில் நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ப்ரூச்சைத் திருப்பிப் பார்த்தாள். நகைக்குப் பின்பக்கம் மறைப்பு இருக்காது. ஏழாவது இலையில், மொட்டுக்குப் பின்னால், பிய்ந்துபோன துளையின் பாதி வட்டம் அப்படியே இருந்தது. சின்ன வயதில் அக்காளின் மடியில் உட்கார்ந்து சுண்டுவிரலால் தடவிய வட்டம்.

ராபர்ட் ஓடி வந்து வழியில் நின்றார். அவள் விலகவில்லை. கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“இவ எங்க வீட்டுப் பொண்ணு. கூட்டிட்டுப் போறேன். ஒளிச்சு எடுத்துட்டுப் போகல, எல்லாரும் பாத்துக்குங்க.”

அத்தனை பேர் முன்னால் ராபர்ட்டால் அவளைத் தடுக்க முடியவில்லை, கூட்டம் வழிவிட்டது. கடை வாசலில் கட்டியிருந்த கடைக் குதிரைவண்டியிலேயே ஏறி, தானே ஓட்டிக்கொண்டு போனாள். ஊரில் அன்று மத்தியானம் வேறு பேச்சில்லை.

அரஹுராவில் எங்கள் பொதுக்கூடத்து வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் பெண்கள் அவளுக்குக் குரல் கொடுத்து அழைத்தார்கள். அந்த அழைப்புக் குரல் நீண்டு ஓய்ந்த பிறகுதான் உள்ளே காலடி வைக்கலாம். மெல்ல நடந்து போனாள். கூடத்துத் தாழ்வாரத்தில் பாய்களின் மேல் பெட்டி திறந்திருந்தது. தியோத்தி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அறுபது வயது, ஆற்றில் கல் தூக்கிய தோள். அவன் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

எரானா அந்தக் கைகளில் ப்ரூச்சை வைத்தாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். தியோத்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இது என்ன என்று அவன் கேட்கவில்லை.

“யாரும்மா இது?”

“ஹினேவாய், அண்ணா.”

அடுத்த கொஞ்ச நேரம் அங்கே என்ன நடந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. எரானா எல்லாவற்றையும் சொன்னாள். அலெக் மறைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். என் கையில் கொடுத்தீர்கள், நான் காப்பாற்றவில்லை என்றும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பிறகு அவள் ப்ரூச்சை வாங்கி அக்காளின் மார்பில் வைக்கக் குனிந்தாள். தியோத்தி தடுத்தான்.

“தங்கத்தோட வைக்காதே. எவளோ ஒருத்தி விருந்துக்குக் குத்திக்கறதுக்காகச் செஞ்சது. அது என் தங்கச்சி மேல படக்கூடாது.”

நியாயம்தான். ஆனால் எப்படிப் பிரிப்பது? கொண்டை ஊசியால் நெம்பிப் பார்த்தாள். விலாங்கு மீன் அறுக்கிற கத்தி நுனியால் முயன்றாள். அலெக் கட்டிய கட்டு அசைந்துகொடுக்கவில்லை. இன்னும் பலமாக நெம்பினால் கல்லே உடையும். மணி இரண்டு. எரானா நகம் கிழிய அந்தத் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தன் புருஷனின் கைநயத்தை அவள் அன்றைக்குச் சபித்ததுபோல யாரும் சபித்திருக்க மாட்டார்கள்.

இரண்டே காலுக்கு வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. ராபர்ட், கான்ஸ்டபிள் டூலன், பின்னால் அலெக்.

ராபர்ட் இறங்கிய வேகத்தில் உள்ளே நடக்கப் போனார். டூலன் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினார். டூலன் இருபது வருஷமாக இந்தக் கரையில் இருக்கிற அயர்லாந்துக்காரர். எங்கள் சாவுகளுக்கு வந்து உருளைக்கிழங்கும் விலாங்கும் சாப்பிட்டுப் போகிறவர்.

“கூப்பிடட்டும், மிஸ்டர் கெடிஸ்.”

“என் நகை உள்ளே இருக்கு. ஆறு மணிக்கு எனக்கு…”

“தொப்பியக் கழட்டுங்க. கூப்பிடட்டும்.”

பெண்கள் அவசரப்படவில்லை. கமிட்டி உறுப்பினர் ராபர்ட் கெடிஸ் வெறுந்தலையோடு மழையில் நின்றார். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அழைப்புக் குரல் எழுந்தது. யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், இறந்தவளைப் பார்க்க வந்தவர்களாகத்தான் எங்கள் வாசல் எடுத்துக்கொள்ளும்.

உள்ளே வந்ததும் ராபர்ட் திருட்டு என்ற சொல்லை எடுத்தார். பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஊர்க் கமிட்டியின் நகையையும் கடை வண்டியையும் கொண்டுபோனது திருட்டு இல்லாமல் வேறென்ன என்றார். டூலன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டு மருமகள் வீட்டு வண்டியை ஓட்டியதற்குத் தன்னிடம் சட்டம் இல்லை என்றார். நகை விஷயம் வேறு, தங்கம் யாருடையது என்று கேட்டார். கமிட்டியுடையது என்றார் ராபர்ட். டூலன் தலையாட்டினார்.

“சரி. கல்லு?”

“கடைக் கல்லு. என் வேலைப் பெட்டியில இருந்துச்சு. சீட்டு கிடையாது.”

“பெட்டியில யார் வச்சது?”

ராபர்ட் வாயைத் திறப்பதற்குள் தாழ்வாரத்துக்குக் கீழே மழையில் நின்றவன் பேசினான்.

“நான் வச்சேன்.”

எல்லோரும் அலெக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்த மாத்தாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

“இந்தம்மா குடுத்த கல்லு. சீட்டு எழுதாதது என் தப்பு. திங்கக்கிழமை தெரிஞ்சும் வாயத் திறக்காம கட்டி முடிச்சது, அது தப்பு இல்ல. அதுக்கு வேற பேரு.”

ராபர்ட் அவனைப் பேர் சொல்லி அதட்டினார். யோசித்துப் பேசு, பலகை, கடை, அப்பாவின் பேர் என்று என்னென்னவோ சொன்னார். அலெக் படியேறி வந்து பாய் ஓரத்தில் மண்டியிட்டான். சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து விரித்தான். சின்னக் குறடு, ஒரு உளி, ஒரு அரம். புறப்படும்போதே எடுத்து வந்திருக்கிறான்.

எரானாவிடம் கையை நீட்டினான். அவள் ப்ரூச்சை அவன் உள்ளங்கையில் போட்டாள். விரல் படாமல் போட்டாள்.

கல்லைப் பிடித்திருந்த தங்க நகங்களை அவன் குறட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். கத்தியும் கொண்டை ஊசியும் அசைக்க முடியாத கட்டு அவன் கையில் பூவிதழ்போல விரிந்துகொடுத்தது. ஒரு துண்டு வெளியே வந்ததும் தியோத்தி அதை வாங்கித் தண்ணீரில் நனைத்துத் துடைத்து எரானாவிடம் கொடுத்தான். ஏழாவதுக்கு வந்தபோது அலெக் உளியை எடுத்தான். மொட்டை வெட்டி எறிந்தான். பாதி வட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. சுற்றி நின்ற பெண்களிடமிருந்து ஒரு அழுகை கிளம்பியது.

கல்லில்லாத பெரணி இலையை அவன் அண்ணனிடம் நீட்டினான். வெறும் நரம்பும் நகமுமாக மீன்முள் மாதிரி இருந்தது.

“தங்கம் கமிட்டியோடது. எடுத்துட்டுப் போங்க.”

“ஆறு மணிக்கு நான் எதைக் குடுப்பேன்?”

“அட்டையைக் குடுங்க. அதுலதான் எல்லாம் எழுதியிருக்கே.”

டூலன் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். ராபர்ட் நின்றார், எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், தங்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். போகிறபோது, திங்கட்கிழமை பட்டறைக்கு வர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எரானா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் அக்காளின் மார்பில் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் துளையுள்ள துண்டு, கழுத்துக்கு நேர் கீழே. அதற்கடுத்தது எது என்று வெள்ளைக் கீற்றே காட்டிக்கொடுத்தது. சாணையில் தேய்ந்ததால் துண்டுகள் நெருக்கமாகச் சேரவில்லை, ஆனாலும் கீற்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு. கீழே நுனியிலிருந்து மேல்நோக்கி ஏழு, ஆறு, ஐந்து.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் கீற்று சேரவில்லை. அந்த இடத்தில் ஒரு துண்டு இல்லை.

“இன்னொண்ணு எங்க?” என்றான் தியோத்தி.

அலெக் குறட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தான். அவனுடைய முகத்தில் ரத்தமே இல்லை. அவன் தரையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. எரானாவின் தொண்டைக்குக் கீழே, சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எரானாவின் கை தானாக அங்கே போயிற்று.

கட்டைவிரல் நகமளவு கல், சுற்றித் தங்க விளிம்பு. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்து வந்ததும், கண்ணை மூடு என்று சொல்லிக் குத்திவிட்டது.

“மிஞ்சின துண்டு, உன் பெண்சாதிக்கு ஏதாவது பண்ணிக் குடுன்னு ராபர்ட் குடுத்தாரு. அன்னைக்கு எனக்குத் தெரியாது, எரானா. சத்தியமா தெரியாது.”

“திங்கக்கிழமை தெரியும்.”

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மூன்று ராத்திரி. மூன்று ராத்திரியும் அக்காளின் மேல் குனிந்து, ஹினேவாயைச் சீக்கிரம் கொண்டுவருகிறேன் அக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். அப்போதெல்லாம் ஹினேவாயின் நடுத்துண்டு செத்தவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அறிந்த மனுஷன் பட்டறையில் உட்கார்ந்து மொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

எரானா ஊசியைக் கழற்றினாள். சால்வை தோளிலிருந்து சரிந்து விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அலெக் கையை நீட்டினான், கல்லைப் பிரித்துக் கொடுக்க.

“தொடாதே.”

அவன் கையிலிருந்த குறட்டை வாங்கினாள். அவன் பிரித்ததை ஏழு தடவை பார்த்தாகிவிட்டது. விளிம்பைத் தானே நிமிர்த்தினாள். கைப்பழக்கமில்லாத வேலை. குறடு வழுக்கிக் கட்டைவிரலில் கிழித்தது. கல் வெளியே வந்தது. ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதை நடுவில் வைத்தாள். வெள்ளைக் கீற்று தலையிலிருந்து நுனிவரை சேர்ந்துவிட்டது.

ஜெபம் சொல்ல வந்திருந்த பாதிரியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பைக்குள் போட்டார். மூன்றாக ஐந்து நிமிஷம்.

தியோத்தி தொண்டையைச் செருமினான்.

“எரானா. முழுசா இருந்தா நான் கேக்கவே மாட்டேன், எடுத்து உன் கழுத்துல போட்டிருப்பேன். உடைஞ்சு வந்திருக்கா. உடைஞ்சவளைச் செத்தவளோட அனுப்பிடலாம், அதுக்கும் நமக்கு வழி உண்டு. இல்ல, உனக்குத் தரலாம். ஆனா எட்டுத் துண்டையும் கயித்துல கோத்துக்க முடியாது. யாராவது சேத்துக் கட்டணும்.”

யாராவது என்றான். இந்தக் கரையில் அந்த வேலையைச் செய்யக்கூடியவன் யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை. அவன் பாய் ஓரத்தில் மண்டியிட்டு, வெறுங்கையோடு, தலையைத் தூக்காமல் இருந்தான்.

“நீ சொல்லு,” என்றான் தியோத்தி. “மூடட்டுமா, எடுக்கட்டுமா?”

இரண்டு பேர் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். எரானா அக்காளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த எட்டுத் துண்டுகளைப் பார்த்தாள். குறடு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.